ஒரே அட்ரஸ்

“ஏம்மா, என் பக்கத்து லைட்டு அந்த ஆள் பக்கத்தைவிட ஒரு பிடி கூடவே எரியணும். புரியுதா?”

பெண்ணின் அப்பா செபஸ்தியான் குனிந்து கிசுகிசுத்தார். திருவெறும்பூர் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிடையரானவர். அவர் கிசுகிசுத்தால் அந்த ஸ்ரீரங்கத்து மண்டபத்தின் சமையற்கட்டு வரை கேட்கும்.

“வெச்சிடலாம்” என்றாள் லின்சி, லைட் போர்டிலிருந்து தலை நிமிராமல்.

அவர் நகர்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா அடைக்கலம் வந்தார். மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில். விரலுக்கு ஒரு மோதிரம். கட்டைவிரலுக்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை. அவர் பிடித்தது லின்சியின் தொழில் கூட்டாளி ஆசீரை.

“தம்பி, ரிசப்ஷன்ல நான் நிக்கிற பக்கம் பளிச்சுனு இருக்கணும். அவரு பக்கம் கொஞ்சம் மங்கலா வெய்யி. வயசானவரு, கண்ணு கூசும் பாரு.”

செபஸ்தியானைவிட அடைக்கலம் இரண்டு வயது மூத்தவர்.

நிச்சயதார்த்த போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்ற தகராறில், சம்பந்தத்தையே முறித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தவர்கள் இந்த இருவரும். இன்னொரு தடவை முறைத்துக்கொண்டால் சாயங்காலம் கல்யாணமே நின்றுவிடும். லின்சிக்கும் ஆசீருக்கும் அதுதான் கவலை.

மேடை விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி; அதைத்தான் அட்ரஸ் என்பார்கள். போர்டு இடும் உத்தரவு அந்த எண்ணுள்ள விளக்குக்குத்தான் போய்ச் சேரும்.

“ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸ் குடுத்துட்டேன்” என்றாள் லின்சி.

“ஒரே அட்ரஸ்ல ரெண்டு பேரா? அடிச்சுக்காம இருக்கணுமே!”

“பழகிக்க வேண்டியதுதான்.”

சோதித்துப் பார்க்கப் பெரியவர்கள் மேடையேறி ஆளுக்கொரு ஓரம் நின்றார்கள்.

“ஏத்தும்மா!” என்றார் செபஸ்தியான். ஏற்றினாள். அவர் வழுக்கை மின்னியது. அந்தப் பக்கம் மோதிரங்களும் மின்னின.

அடைக்கலம் கண்ணைக் காட்டினார். ஆசீர் இறக்கினான். செபஸ்தியான் இருட்டில் மறைந்தார், கூடவே அடைக்கலமும்.

“ஏத்து!” “எறக்கு!” “ஏத்து!”

கடைசியில் இருவரும் வியர்த்துப்போய், “பாதியில நிறுத்துங்கப்பா” என்றார்கள்.

“போனா போகட்டும்னு விட்டுக் குடுத்துட்டேன்மா” என்று செபஸ்தியான் லின்சியின் காதைக் கடித்தார். அதையே அடைக்கலம் ஆசீரின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது செபஸ்தியானின் மனைவி லூர்துராணி பூக்கூடையோடு மூச்சிரைக்க ஓடிவந்து, போர்டுக்கு முன்னால் நின்றாள்.

“நாலு மணிக்குக் கோயில்ல பூசை! பொண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் ஒயரைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா, ஃபாதர் அங்க யாருக்குக் கல்யாணம் பண்ணி வைப்பாரு? எந்திரிங்க ரெண்டு பேரும்!”