கூடு கட்டாத புழுக்கள்

பட்டுப்புழுக்களின் வளர்ச்சியை ஆராய்வது என் வேலை. பல வருடங்களாக எட்டிப் பார்க்காத அக்கா ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தாள். ஜன்னலோரத் தட்டில் இலை தின்றுகொண்டிருந்த புழுக்களிடம் குனிந்து, "என்ன அவசரம் செல்லங்களா? இப்படியே சின்னதா இருங்க" என்று கொஞ்சினாள்.

மற்ற தட்டுகளில் புழுக்கள் பெருத்துக் கூடு கட்டின. அந்தத் தட்டில் மட்டும் ஒன்றுகூட வளரவில்லை. அதே இலை, அதே சூடு, அதே வெளிச்சம். மண்டையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் அக்காவுக்கு போன் செய்தேன்.

"உன் பேச்சை அப்படியே கேட்டுடுச்சுங்க!" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "திரும்ப வளர வைக்க வழி இருக்கா? நீ படிச்சவதானே? இருந்தா உடனே வீட்டுக்கு வாடி" என்றாள். குரல் உடைந்திருந்தது.

விலாசம் கேட்டுப் போனேன். அக்காவின் இளைய மகள் கதவைத் திறந்தாள். நான் கடைசியாகப் பார்த்தபோது தொட்டிலில் கிடந்தவள், இப்போது என்னைவிட உயரம். அவள் இடுப்பில் இருந்த குழந்தை, என்னை அடையாளம் தெரிந்ததுபோல் தூக்கக் கண்ணோடு சிரித்தது.

"மெதுவா பேசுங்க சித்தி" என்று அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள் அவள். "என் அக்காவுக்கு இப்பதான் கண்ணு சொக்குது."