பெரிய பெட்டியைக் காணோம்

"வேலையை விட்டுட்டியா? யாரைக் கேட்டுடா விட்டே?"

அவன் சமையலறை ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தான்.

"சொல்லுடா. நிரந்தர உத்தியோகம். மழையோ வெயிலோ, ஒண்ணாந்தேதி சம்பளம். அதை உதறிட்டு கண் காணாத தேசத்துல போய் என்னத்தைக் கிழிக்கப்போறே? உள்ளூர்ல விலை போகாத மாடு வெளியூர்ல விலை போயிடுமா?"

"இரு, இரு. அம்மா என்னை மாடுன்னெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. எங்கிட்ட சொல்லியிருக்காங்க" என்றாள் மனைவி. அம்மாவாக நடிப்பதற்காகத் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்தாள். "ஒழுங்கா பதில் சொல்லுங்க. அத்தை இப்ப வந்துடுவாங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரமாக இப்படித்தான் ஒத்திகை பார்க்கிறார்கள். அவன் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன்" என்று வெளியே நின்று தைரியம் சொல்வது அவன் தொழிலில் பாதி. அந்த வேலையைத்தான் இன்று மத்தியானம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். வெளிநாட்டில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. மனைவியையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அப்பா போன பிறகு, ஆஸ்பத்திரித் தையல் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடித்து அடித்தே ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவள். உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ரெண்டே வருஷம்தாம்மா, ஓடி வந்துடுவோம்னு சொல்லப்போறேன்" என்றான்.

"அது பொய்யாச்சே."

"பொய்தான். நிஜத்தைச் சொன்னா தாங்குவாங்களா?"

மனைவி துண்டை மடித்து வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை. பீரோ மேல இருந்த பெரிய பெட்டியைக் காணோம்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கே போச்சு?"

"வீட்டுல இருக்கறது மூணு பேர். நான் எடுக்கலை, நீங்களும் எடுக்கலை."

"அப்போ அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. போகவிடக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சுட்டாங்க."

"எனக்கு அப்பவே சந்தேகம். 'இனிமே அவன் சட்டையை நீயே தேச்சுப் பழகிக்கோ'ன்னாங்க ஒரு நாள். சாயங்காலமானா பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறாங்க. வரும்போது கண்ணைத் துடைச்சுக்கிட்டு வர்றாங்க."

"அழறாங்களா?" அவன் குரல் இறங்கிவிட்டது. பெற்ற தாயை அழவைத்துவிட்டு அங்கே போய் எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறோம் என்று தோன்றியது.

வாசல் கதவு திறந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மேஜைமேல் வைத்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் திருட்டுப் பூனை மாதிரி முழிக்கறீங்க?"

"உட்காரும்மா. ஒரு விஷயம்."

"எனக்கும் உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்டா."

"தெரியும்மா. முதல்ல நான் சொல்லிடறேன்."

சொன்னான். ஒரு வாரம் பழகிய பேச்சு தலைகீழாக வந்தது. கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னான். ரெண்டு வருஷம் என்ற பொய் மறந்தேபோயிற்று. திரும்பி வருவதாக எண்ணமில்லை என்பதையும் கொட்டிவிட்டான். முடிவில், "பெட்டியைக் குடுத்துடும்மா" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கெஞ்சினான்.

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மனைவி தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "வேண்டாம்மா. நான் எங்கேயும் போகலை. காலையில முதல் வேலையா மேனேஜர் காலைப் பிடிச்சாவது எழுதிக் குடுத்ததைத் திருப்பி வாங்கிடறேன்."

"போடா பைத்தியக்காரா." அம்மா கையை எடுத்தாள். கண் நிறையத் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "எத்தனை நாளா எனக்குச் சோறு இறங்கலை தெரியுமா, ஒத்தைப் பிள்ளையை விட்டுட்டு எப்படிடா போறதுன்னு?"

"நீ எங்கம்மா போறே?"

"என்கூடப் படிச்சவ வெளிநாட்டுல தையல் கடை போட்டிருக்கா. கூட வந்து நில்லுன்னு ரொம்ப நாளா கூப்பிடறா. போன வாரமே ஆஸ்பத்திரியில வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். பெட்டி கட்டி பக்கத்து வீட்டுல வச்சிருக்கேன். நீ போற பக்கம் இல்லடா. அது வேற திசை."

அவன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இந்த வயசுல... என்னை விட்டுட்டாம்மா போறே?" என்று கேட்டவன், கேட்ட வேகத்தில் உடைந்து அழுதுவிட்டான்.

அம்மா அவன் தலையை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"பாத்தியாம்மா, தினம் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி இவனா நடிப்பா, வார்த்தை மாறாம இதையேதான் கேப்பா, இதே இடத்துலதான் அழவும் செய்வா."