சாவி யாரிடம்?

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளெல்லாம் ஜெபமணியின் துப்பாக்கிக் கடைக்கு வந்து சேர்வதுதான் பாளையங்கோட்டை வழக்கம். இந்த முறை வந்தது ஒன்றே ஒன்று. துப்பாக்கிகளுக்குள் இருக்கும் மின்பூட்டுகளை அரசாங்கம் தன் இடத்திலிருந்தே பூட்டிவிட்டது. கைப்பிடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் விசை அசையாது.

"சாவி எங்கிட்ட இருந்தப்ப எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் குடுத்ததில்ல. இப்பம் அது எவன் கையில இருக்குன்னே தெரியலியேவே!" என்று பொரிந்து தள்ளினார் ஜெபமணி.

பழக்கதோஷத்தில் துப்பாக்கியைத் தூக்கி வந்திருந்த வாழை விவசாயி செல்லையா சிரித்தார். அவர் இந்தத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர். "எல்லாருக்கும் சிவப்புதான அண்ணாச்சி? எனக்கு இதுதான் நிம்மதி."

அப்போது ஆளுங்கட்சி வேட்பாளரின் மைத்துனன் பூதப்பாண்டி உள்ளே வந்தான். "கொஞ்சம் எண்ணெய் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்று தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். கைப்பிடியில் பச்சை எரிந்தது.

ஜெபமணி குனிந்து அதை உற்றுப் பார்த்தார். "ஒன்னுத மட்டும் பூட்டலியா?"

"எங்க பாதுகாப்புக்குன்னு மேல இருந்து தொறந்து விட்டுட்டாவ" என்றவன் செல்லையாவிடம் திரும்பி அன்பாகக் கேட்டான்: "மாமா, ராத்திரி வாழைக்குத் தண்ணி பாய்ச்ச நீங்கதான போவீய?"

செல்லையாவின் விரல் மடியிலிருந்த துப்பாக்கியின் விசையை அழுத்திப் பார்ப்பதை ஜெபமணி கண்டார். அது அசையவே இல்லை.