கச்சேரி ரோட்டில் ஓர் ஆமை

மழை ஓய்ந்த கச்சேரி ரோட்டில் பட்டாள லாரிகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு வரிசையாகப் போகின்றன. நடுரோட்டில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கிடக்கும் ஆமையை மர்சலின் டீச்சர் குனிந்து இரு கைகளாலும் தூக்குகிறாள். பயத்தில் அது பெய்த மூத்திரம் அவள் வெள்ளைப் புடவையில் வழிகிறது. "இன்னா டீச்சரம்மா, கொயம்பு வைக்கவா? நவுரு, குதிரை மெரள்து!" என்று ஜட்காக்காரன் சாட்டையைச் சொடுக்க, ஓரத்தில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். ஆமை கிளம்பியது எதிர்ப்புறத்துச் சித்திரக்குளத்துக்கு. குளத்துக்குப் போகும் சந்து ராஜரத்தினத்தின் ஜவுளிக்கடையை ஒட்டியிருக்கிறது. சந்தின் வாயில் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிக்கொண்டு அவரே நிற்கிறார். "இங்ஙன கொண்டாராதிய. விடிஞ்சா தீவாளி. ஏவாரம் நடக்கிற எடத்துல மூதேவிய விடப் பாக்கியளா? வந்த பக்கமே விட்டுருங்க." "அங்க விட்டா மறுபடியும் ரோட்டுலதான் இறங்கும், அண்ணாச்சி. லாரியில நசுங்கிச் சாகும்." "சாவட்டும்." துடைப்பம் அவள் முகத்துக்கு நேரே உயர்கிறது. மர்சலின் திரும்பி, கடையின் முதல் படியில் ஏறுகிறாள். "சரி, உங்க கடைக்குள்ள பூந்து பின்வாசல் வழியாப் போய்க்கிறேன்." உள்ளே புடவை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி இசக்கியம்மாள் வாயிலடித்துக்கொண்டு எழுகிறாள். ராஜரத்தினத்தின் முகம் கறுக்கிறது. டீச்சரின் புடவை தன்மேல் பட்டுவிடாதபடி வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி வழிவிடுகிறார். மர்சலின் இறங்கிச் சந்துக்குள் நடக்கிறாள். கைகளுக்குள் ஆமை கழுத்தை மெல்ல நீட்டுகிறது. முதுகுக்குப் பின்னால், அவள் நின்ற படியில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் சளாரென்று விழுகிறது.