யூனிக்ஸ் சிங்கம்

பொட்டு வைத்தாயிற்று. ஊதுபத்தி ஏற்றியாயிற்று. சிவநேசன் கண்ணை மூடி முணுமுணுத்த பவ்வியத்தைப் பார்த்தால், ஏதோ கல்யாணப் பெண்ணை மணவறைக்கு அழைத்துப்போகிறார் என்றுதான் தோன்றும்.

உள்ளே போகவேண்டியது, அந்தச் சந்தனப் பொட்டோடு, உள்ளங்கை அகலத்தில் ஒரு நெட்வொர்க் கார்டு. போகவேண்டிய இடம், மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனை ஆலை ஆபிஸில் இருபது வருஷமாக உறுமிக்கொண்டிருக்கும் யூனிக்ஸ் சர்வரின் வயிறு.

“கும்பிட்டது போதும் காணும். ஓடுமா, ஓடாதா?” என்றார் மேனேஜர் குமாரசிங்கம்.

“ஓடும் சார். பழைய மெஷின்லா, கொஞ்சம் பக்குவமா போவணும்.”

“மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஹெட் ஆபிஸ்ல இருந்து நிருபா செக் பண்ண வாறா. லோரி எடைக் கணக்கு முழுக்க கிகாபிட் வேகத்துல மேல போகாட்டி, மெஷின் பழைய இரும்புக்கு, நீர் கெர்லிங்குக்கு.”

கெர்லிங்கில் கம்பெனிக்கு இருப்பது ஓர் உரக் கொட்டகை. அங்கே மூட்டையை எண்ணலாம், போரடித்தால் எலியை எண்ணலாம். ‘கோலா சிலாங்கூர் வட்டாரத்துல யூனிக்ஸ் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்’ என்று கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக்கொள்ளும் மனிதருக்கு இது அடுக்குமா?

அவர் வாயும் சும்மா இருக்கவில்லை. புது சர்வர் நாற்பதாயிரம் வெள்ளி என்றதும், “நூறு வெள்ளிக்குள்ள நான் முடிக்கிறேன்” என்று மீட்டிங்கில் மார்தட்டியதே அவர்தான்.

மார்தட்டிய பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. இந்தக் காலத்துக் கார்டு அந்தக் காலத்து மெஷினின் துளையில் நுழையாது. நுழைகிறவற்றில் பாதியை யூனிக்ஸ் ‘நீ யாரு?’ என்று கேட்கும். இரண்டுக்கும் தப்பிய ஒரே ஒரு மாடலைத் தேடிப்பிடித்து, கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் ஐம்பது வெள்ளிக்கு வாங்கி வந்திருந்தார்.

மாட்டினார். பொத்தானை அழுத்தினார். சர்வர் உறுமியது, கார்டில் விளக்கு எரியவில்லை.

“மாடல் சரிதான் சார். இந்த ஒரு கார்டுதான் செத்துருச்சு,” என்று கழற்றிக் குப்பைத் தொட்டியில் வீசினார்.

ஆபிஸைக் கூட்டி, டீயும் கலக்கும் அன்னம்மா தட்டோடு வந்தாள். “பொட்டு வச்ச கையாலயே தூக்கி எறியறீங்களே ஐயா!”

“செத்ததுக்குப் பூசையா போடுவாங்க? டீய வச்சிட்டுப் போம்மா.”

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து போனில் துழாவினார். ஆன்லைன் கடைகளில் அவர் பெயர் ‘யூனிக்ஸ் சிங்கம்’; அவரே சூட்டிக்கொண்டது. அதே மாடல், ஒன்றே ஒன்று, அதுவும் கோலா சிலாங்கூரிலேயே! ‘மங்களா டிரேடிங்’, விலை அறுபது.

‘நல்ல சாமானா சார்?’ என்று தட்டினார் சிங்கம்.

‘படிச்சவங்க கையில இருந்த சாமான்’ என்று பதில் வந்தது. சிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நூறு வெள்ளி தாண்டிய கணக்கு மேனேஜர் கண்ணில் படாதபடி பார்சலை வீட்டுக்கே வரவழைத்தார். கார்டின் தகட்டில் மஞ்சளாய் ஒரு கறை. முகர்ந்து பார்த்தார், சந்தனம்! “விக்கிறவரு நம்ம ஆளுலா!” என்று பூரித்து, மாட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஐந்து நட்சத்திரம் போட்டார். மறுநாள் ஆபிஸில், அந்தப் பொட்டுக்குப் பக்கத்திலேயே தன் பொட்டையும் வைத்தார்.

விளக்கு எரியவில்லை.

“இதுவும் செத்துருச்சு சார்.”

“நீர் கார்டு வாங்குறீரா, கருமாதி நடத்துறீரா?” என்றார் குமாரசிங்கம்.

தொட்டியில் ‘டொக்’கென்று விழுந்தது. நல்லவேளை, மங்களா டிரேடிங்கில் மறுநாளே இன்னொன்று வந்திருந்தது. ஆனால் எழுபத்தைந்து.

‘என்ன சார், விலை ஏறிருச்சு?’

‘விடாம வாங்குற ஆளு ஒருத்தரு இருக்காரு.’

தன்னைப் போலவே இன்னோர் அறிவாளி போட்டிக்கு நிற்கிறான் என்று பதறி, சிங்கம் உடனே பணத்தைக் கட்டியது. வந்த கார்டைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை இரண்டு பொட்டு! இப்படியொரு பக்திமானின் சாமான் ஓடாமல் போகுமா?

கடைசி வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு மூன்றாவது பொட்டைத் தாராளமாகக் குழைத்து அப்பினார். மாட்டினார். சர்வர் உறுமியது. விளக்கு மட்டும் எரியவே இல்லை. கார்டு தொட்டிக்குப் போனது.

“நிருபா கிளம்பிட்டாவாம். கெர்லிங்ல வாடகை வீடு பாக்கவா?” என்று கேட்டுவிட்டு மேனேஜர் தன் அறைக்குள் போய்விட்டார்.

சிவநேசன் போனை எடுத்து மங்களா டிரேடிங்கைத் திறந்தார். ‘சார், மூணு மணிக்குள்ள இன்னொரு கார்டு வேணும். நூத்தம்பது தர்றேன். நீங்க எங்க இருந்தாலும் வந்து கால்ல விழுந்து வாங்கிக்கிறேன்’ என்று எழுதி அனுப்பினார்.

டீ கலக்கும் அறையில் ஒரு போன் ‘டிங்’ என்றது.

அன்னம்மா கையைத் துடைத்துக்கொண்டே, போனைப் படித்தபடி வெளியே வந்தாள். அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் குப்பைத் தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து, கார்டை எடுத்துத் தூசியை ஊதினாள். மூன்றாவது பொட்டு இன்னும் காயவில்லை.

“இந்த வாட்டி கூரியர் வேணாம்லா ஐயா, கையிலயே குடுத்துர்றேன்.”