ஐந்து வருஷத்துப் பூச்சு

“அஞ்சு வருஷமா அடிச்ச மாதிரி தெரியணும்” என்றேன்.

உதிரிபாகக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காருக்கு அடியில் துருப்பிடிக்காமல் இருக்க ஸ்பிரே கேட்டு வருகிற எல்லோரும், இனிமேல் எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான் கேட்பார்களாம். போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

அவரிடம் என்னவென்று சொல்வது?

ஐந்து வருஷமாக, மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் காருக்கென்று ஒதுக்கி வருகிறேன். அன்றைக்குப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, “அடியில ஸ்பிரே அடிக்கணும், வர சாயங்காலமாகும்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காரோடு கிளம்புவேன். கார் நேராக டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்கும். டாக்டர் ஓர் ஏசி மெக்கானிக். எந்நேரமும் தோல்பையும் கையுமாக அலைவதால் நண்பர்கள் நாங்கள் வைத்த பேர் அது. அவர் வீட்டு மாடியில் ஒரு கேரம் போர்டு இருக்கிறது.

முதல் வருஷம் சத்தியமாக ஸ்பிரே அடிக்கத்தான் போனேன். ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பினால், பாவம், நாள் பூரா தரையில் படுத்துக் கிடந்தீர்களே என்று அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் எந்த மனுஷன் உண்மையைச் சொல்வான்?

இன்றைக்கு நாலு மணிக்கு அவள் தம்பி வருகிறான். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். துருவை மோப்பத்திலேயே பிடிப்பவன். முதன்முதலாகக் கார் வாங்கியிருக்கிறான். மாமா வருஷம் தவறாமல் தன் கையாலேயே அடிக்கிறார், வந்து அடியில் படுத்துப் பாரடா என்று அக்காக்காரி போனில் பெருமையடித்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் என் பொய் பல்லிளிக்கப் போகிறது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். இனிமேல் நான் எதைச் சொன்னாலும் அவள் முழுசாக நம்பமாட்டாள், அதைத்தான் தாங்க முடியாது.

கடைக்காரர் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார்.

எண்ணெய் வகை இண்டு இடுக்கெல்லாம் ஊறுமாம், ஆனால் இரண்டு நாளைக்குச் சொட்டிக்கொண்டே இருக்குமாம். வேறு வினையே வேண்டாம். மெழுகு வகைதான் நல்லது என்றார். தேன் நிறம், அடியில் உள்ளதை அப்படியே காட்டும். எனக்குக் காட்டாததுதான் வேண்டும்.

மூன்றாவது கறுப்பு. ரப்பர் மாதிரி கனமாகப் படிந்து, ஒரு மணி நேரத்தில் காய்ந்து, எதையும் மூடிவிடும்.

“ஏற்கெனவே துரு இருந்தா கறுப்பு வேணாம் சார். ஈரத்தை உள்ள வச்சு மூடிடும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள தின்னுக்கிட்டே போகும்.”

காரா மானமா என்று அரை நிமிஷம் யோசித்தேன். கார் வாய் திறந்து எதுவும் கேட்காது. கறுப்பில் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டேன். மேலே கொஞ்சம் புழுதியைத் தூவினால் ஐந்து வருஷப் பழசாகிவிடும் என்று வழியில் தோன்றியது. இந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் என் மூளை நன்றாகவே வேலை செய்யும்.

மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை என்பதால் மூன்றரைக்கு வந்துவிடுவாள். மணி இரண்டு. முன்சக்கரங்களை இரும்பு மேடைகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு உள்ளே நகர்ந்தேன். என் காரின் அடிப்பக்கத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

துரு இல்லை.

மறுபடியும் டார்ச் அடித்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. மூலை முடுக்கெல்லாம் தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு. நகத்தால் சுரண்டினேன், மெழுகு சுருண்டு வந்தது.

நடுச்சட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ஐந்து தேதிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. கடைசியில் இருந்தது போன மாதம் பத்தொன்பது. டாக்டர் வீட்டில் நான் சிவப்புக் காயைக் கோட்டைவிட்டது பதினெட்டு, ஞாயிறு. மறுநாள் வழக்கம்போல நான் பஸ்ஸில் ஆபீஸுக்குப் போனேன். கார் வீட்டில் நின்றது.

எழுத்தும் தெரிந்த எழுத்துதான். நாள் முழுக்கச் சோதனைக் குழாய்களில் தேதி எழுதுகிறவளின் எழுத்து.

அப்படியே மல்லாந்து கிடந்தேன். காது மடல் சுட்டது. என் பொய்யை வருஷாவருஷம் மறுநாளே அவள் உண்மையாக்கி வைத்திருக்கிறாள். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது.

“மாமா!” என்று குரல் கேட்டுத்தான் வெளியே வந்தேன். அக்காவும் தம்பியும் சேர்ந்தே வந்து நின்றார்கள். கறுப்பு டப்பாக்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

தம்பி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் துருவித் துருவிப் பார்த்தான். வெளியே வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு.

“பிரமாதம் மாமா. எத்தனை கோட்டு அடிச்சீங்க?”

வாயைத் திறந்தேன்.

“ரெண்டு கோட்டுடா” என்றாள் அவள். “நடுவுல அரை நாள் காயவிடணும். கறுப்பு மட்டும் வாங்கிடாதே, உள்ளேயே தின்னுடும்னு மாமாதான் சொன்னாரு.”

அவன் குனிந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அவள் என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, இரண்டு டப்பாக்களையும் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, உன் காரைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போ. மாமா அடிச்சுத் தருவாரு.”

நான் வேகமாகத் தலையாட்டினேன். எப்படி அடிப்பது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.