எட்டாவது விண்ணப்பம்

“துணிமணியை எடுத்துக்கிட்டு உன் பொண்ணை இன்னிக்கே இங்க வந்து தங்கச் சொல்லு. மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?”

வீட்டுக்காரம்மா சொன்னதும் சமையல்காரிக்குச் சுருக்கென்றது. கரண்டியை ‘டங்’கென்று வைத்தாள்.

“எதுக்கும்மா? என் கை ஓய்ஞ்சா அவ வந்து சட்டியைப் பிடிக்கணுமா? எங்கம்மா இந்தத் தெருவுல பாத்திரம் தேய்ச்சா. நான் சமைக்கிறேன். இது என்னோட போகட்டும்! அவ காலேஜ்லயே முதலாவதா வந்தவ!”

“முதலாவதா வந்தவளை ஏன் ஒரு கம்பெனியும் கூப்பிடலை?”

சமையல்காரி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏழு இடத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. ஒரு பதில் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர்கள் தெருவுக்கு ஆட்டோவே வராது, வேலையா வரும்?

“நான் சொல்ல வர்றதை...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க வேலையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்!”

செருப்பை மாட்டிக்கொண்டு விருட்டென்று கிளம்பியவள், கேட்டருகே ஓடிவந்த மகள் மீதே மோதிக்கொண்டாள்.

“அம்மா! கூப்பிட்டுட்டாங்கம்மா! நாளைக்குக் காலையில இன்டர்வியூ!” மூச்சு வாங்க, அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள்.

“விடுடி, தலை சுத்துது! நிஜமாவா? எப்படிடி?”

“இந்தத் தடவை இந்த வீட்டு விலாசத்தைப் போட்டேன். வீட்டுக்காரம்மாதான் போடச் சொன்னாங்க. உங்கிட்ட சொன்னா திட்டுவியோன்னு சொல்லலை. விலாசம் சரிதானான்னு பார்க்க இன்னிக்குச் சாயங்காலம் ஆள் வருதாம்!”

“எனக்கும் இப்பத்தான் போன் வந்துச்சு” என்றபடி வந்தாள் வீட்டுக்காரம்மா. “வர்றவங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வராது. அதான் இன்னிக்கே குடிவரச் சொன்னேன். எங்கே, நீ பேச விட்டாத்தானே?”

சமையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“என் வாயில மண்ணு விழ! உங்களைப் போய் என்னென்னவோ பேசிட்டேனே. நீங்க தெய்வம்மா!”

வீட்டுக்காரம்மா வெடுக்கென்று கைகளை உருவிக்கொண்டாள்.

“தெய்வமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆபீஸ்ல இருபது வருஷம் விண்ணப்பம் பிரிக்கிற வேலை பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கத்து விலாசம்னா, படிக்காமலே குப்பையில போட்டது இதே கைதான்.”